ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டருக்குச் சத்தம் போடாத ஹார்ட் டிஸ்க்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படி மாட்டுவது

டிவிக்குப் பக்கத்தில் வைக்கிற கம்ப்யூட்டரில் ஃபேன் சத்தத்தை அடக்குவது இன்றைக்குப் பெரிய வேலை இல்லை. பெரிய ஃபேனாகப் போட்டு மெதுவாகச் சுற்ற விடலாம், ஃபேனே இல்லாத சின்னப் பெட்டியாகவும் கிடைக்கிறது. அதெல்லாம் செய்து முடித்த பிறகும் மிஞ்சி நிற்பது ஹார்ட் டிஸ்க்கின் சத்தம். வசனம் இல்லாத காட்சி வரும்போது டிவி ஸ்டாண்டுக்குள்ளிருந்து ஓயாமல் ஒரு "ஊம்ம்", நடுநடுவே "கர்ர்... டிக்". ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் படம் முழுக்க அதுதான் கேட்கும்.

பகலில் சீலிங் ஃபேன் ஓடும்போது இது தெரியவே தெரியாது. தெருச் சத்தம், மிக்ஸி எல்லாம் சேர்ந்து அமுக்கிவிடும். ராத்திரி ஜன்னலைச் சாத்தி, ஏசியைக் குறைத்து வைத்துப் படம் போட்டால்தான் தெரியும். அதனால் இந்த வழிகாட்டியில் "சத்தம் இல்லை" என்று நான் சொல்வதெல்லாம் ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு, நீங்கள் உட்காரும் சோபாவிலிருந்து கேட்காமல் இருப்பதைத்தான். கேபினட் மேல் காதை வைத்தால் எந்த டிஸ்க்கும் சத்தம் போடத்தான் செய்யும்.

முதலில் வேகத்தை மறந்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் வாங்கப் போனால் கடைக்காரர் 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) நல்லது, 5400 ஸ்லோ என்பார். படம் பார்க்கிற கம்ப்யூட்டருக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. சாதாரண புளூ ரே படம் விநாடிக்கு அதிகபட்சம் 48 மெகாபிட். 4கே புளூ ரே, அதுவும் உச்சத்தில் போனால், 128 மெகாபிட், அதாவது விநாடிக்கு 16 மெகாபைட். இன்றைய 5400 ஆர்பிஎம் டிஸ்க் ஒன்று தொடர்ந்து படிக்கும்போது விநாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் தாராளமாகக் கொடுக்கும். ஒரே நேரத்தில் வீட்டில் மூன்று பேர் மூன்று 4கே படம் பார்த்தால்கூடத் தாங்கும். ஆக 7200 ஆர்பிஎம்முக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசில் உங்களுக்குக் கிடைப்பது சத்தமும் சூடும்தான்.

எந்தச் சத்தம் உங்களைப் படுத்துகிறது?

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மூன்று விதமான சத்தம் வரும், மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இது புரியாமல் டிஸ்க்கை மாற்றிக்கொண்டே இருந்தால் பணம்தான் போகும்.

ஒன்று, உள்ளே தகவல் பதிந்திருக்கிற வட்டத் தட்டுகள் சுழல்கிற சத்தம். 2000க்கு முன்னால் வந்த டிஸ்க்குகளில் பால் பேரிங் இருந்தது, வயசாக ஆக "கீ" என்று ஒரு விசில் வரும். 2001 வாக்கில் சீகேட்டின் பாராகுடா ஏடிஏ 4 போன்ற டிஸ்க்குகள் எண்ணெய்ப் படலத்தில் சுழலும் பேரிங்குடன் வந்தன. அதற்கப்புறம் எல்லாக் கம்பெனியும் அந்தப் பக்கம் வந்துவிட்டது, விசிலும் போய்விட்டது. இப்போது மிஞ்சியிருப்பது காற்று உரசுகிற மெல்லிய "ஷ்ஷ்" மட்டும். பெரும்பாலும் இது தொந்தரவே இல்லை.

இரண்டாவது, தட்டில் தகவலைப் படித்து எழுதுகிற ஹெட் அங்கேயும் இங்கேயும் ஓடுகிற சத்தம். "கர்ர் கர்ர்", "டொக்". சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடித் தேடிப் படிக்கும்போதுதான் இது அதிகம். ஒரு பெரிய படத்தை முதலிலிருந்து கடைசி வரை படிக்க ஹெட் அதிகம் நகர வேண்டியதே இல்லை. ஆக படம் ஓடும்போது இந்தச் சத்தம் தொடர்ந்து வருகிறது என்றால், டிஸ்க்கை வேறு யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். யார் என்று பிறகு பார்ப்போம்.

மூன்றாவது அதிர்வு. என் கணக்கில் முக்கால்வாசிப் பேர் "டிஸ்க் சத்தம்" என்று சொல்வது இதைத்தான். 7200 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 120 சுற்று, அது 120 ஹெர்ட்ஸ் அதிர்வு. 5400 என்றால் 90 ஹெர்ட்ஸ். டிஸ்க்கை நான்கு ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் அந்த அதிர்வு கேபினட் தகரத்துக்கு இறங்கும், தகரத்திலிருந்து பிளைவுட் டிவி யூனிட்டுக்கு இறங்கும். கையகல டிஸ்க்கின் அதிர்வை ஆறடிப் பலகை முழுக்க எடுத்துப் பாடினால் எப்படி இருக்கும்? வீணைக்குக் குடம் எதற்கோ அதற்குத்தான் இங்கே பலகை. கம்பெனியின் விவரத்தாளில் (டேட்டாஷீட்) கொடுத்திருக்கிற எந்த எண்ணிலும் இது வராது, ஏனென்றால் அவர்கள் டிஸ்க்கை மட்டும் தனியாக வைத்து அளக்கிறார்கள்.

உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டிஸ்க்கின் ஸ்க்ரூக்களை எடுத்துவிடுங்கள். கேபிள்கள் மாட்டியபடியே இருக்கட்டும். நாலாக மடித்த டவலைப் பக்கத்தில் போட்டு அதன்மேல் டிஸ்க்கைப் படுக்க வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். ஓடும்போது மட்டும் டிஸ்க்கை அசைக்கவோ தூக்கவோ கூடாது. இப்போது "ஊம்ம்" காணாமல் போய்விட்டதா? அப்படியானால் உங்கள் டிஸ்க்கில் குறை இல்லை, மாட்டியிருக்கிற விதம்தான் பிரச்சினை, புது டிஸ்க் வாங்கவே வேண்டாம். டவல்மேல் வைத்தும் சத்தம் அப்படியே இருந்தால் மேலே படியுங்கள்.

டேட்டாஷீட்டில் என்ன பார்ப்பது

எல்லா டிஸ்க்குக்கும் கம்பெனி வலைத்தளத்தில் பிடிஎஃப் டேட்டாஷீட் இருக்கும். அதில் அகூஸ்டிக்ஸ் என்ற தலைப்பில் இரண்டு எண் கொடுத்திருப்பார்கள்: சும்மா சுற்றும்போது எவ்வளவு டெசிபல், தேடும்போது எவ்வளவு டெசிபல். சிலர் டெசிபலுக்குப் பதிலாக "பெல்" என்று போடுவார்கள், 2.5 பெல் என்றால் 25 டெசிபல். வீட்டு டிஸ்க்குகளில் சும்மா சுற்றும் அளவு இருபதுகளில் இருக்கும். தேடும் அளவு முப்பதைத் தாண்டினால் அமைதியான அறையில் காதில் விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும், அதனால் 25க்கும் 35க்கும் உள்ள தூரம் காகிதத்தில் தெரிவதைவிடப் பெரிது.

இதில் ஒரு எச்சரிக்கை. ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொரு கம்பெனியின் எண்ணோடு அப்படியே ஒப்பிட வேண்டாம், அளக்கிற முறை கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். இந்த எண்கள் பெரும்பாலும் டிஸ்க் வெளிவிடுகிற மொத்த ஒலி ஆற்றலைச் சொல்பவை, உங்கள் போன் ஆப் அறையில் காட்டுகிற டெசிபல் வேறு சமாச்சாரம். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டும் டேட்டாஷீட் நன்றாக உதவும்.

அதே தாளில் எடையையும் பாருங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் நல்ல துப்பு அது. ஒரே கொள்ளளவு உள்ள இரண்டு டிஸ்க்கில் எடை குறைந்ததில் பெரும்பாலும் தட்டுகள் குறைவாக இருக்கும். தட்டு குறைந்தால் சுழல்கிற எடை குறைவு, காற்றோடு உரசல் குறைவு, அதிர்வும் குறைவு. 4 டிபியை (டெராபைட்) நான்கு தட்டில் அடைத்த பழைய மாடலும் உண்டு, இரண்டே தட்டில் அடைத்த புது மாடலும் உண்டு. பெட்டியில் பெயர் ஒன்றாகவே இருக்கும், பின்னால் இருக்கிற மாடல் எண்தான் மாறும். அதனால் கடையில் "டபிள்யூடி ரெட் 4 டிபி" (டபிள்யூடி என்பது வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனி) என்று கேட்காமல் முழு மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி.

எதை வாங்கலாம்

4 முதல் 6 டிபி போதும் என்பவர்களுக்கு வேலை சுலபம். டபிள்யூடி ரெட் பிளஸ், சீகேட் ஐயன்வுல்ஃப் இரண்டிலும் இந்த அளவில் 5400 ஆர்பிஎம் வேகத்தை ஒட்டி ஓடுகிற டிஸ்க்குகள் இருக்கின்றன (சில பழைய ஐயன்வுல்ஃப் 5900). நான் முதலில் கைகாட்டுவது இவற்றைத்தான். சின்ன ஊரில் இவை கிடைக்காவிட்டால் சிசிடிவி கேமரா மாட்டுகிறவர் கடைக்குப் போங்கள். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் என்று கேமரா பதிவுக்கான டிஸ்க் இல்லாத கடையே கிடையாது. இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுவதற்காகச் செய்தவை, 4 டிபி அளவில் மெதுவாகச் சுழல்பவை, சாதாரணக் கம்ப்யூட்டரில் சாதாரண டிஸ்க்காகவே வேலை செய்யும். கேமரா டிஸ்க்கைப் படத்துக்குப் போட்டால் ஃபைல் கெட்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். பிழை வந்தாலும் நிற்காமல் எழுதச் சொல்கிற அந்தத் தனிக் கட்டளைகளைக் கேமரா ரெக்கார்டர்தான் அனுப்பும், விண்டோஸ் அனுப்புவதில்லை. தைரியமாகப் போடலாம்.

தோஷிபாவின் என்300 நல்ல உழைப்பாளி, ஆனால் 7200 ஆர்பிஎம். டிவி பக்கத்தில் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

8 டிபிக்கு மேலே போனால்தான் கவனம் வேண்டும். அங்கே கிட்டத்தட்ட எல்லாமே 7200 ஆர்பிஎம். பல டிஸ்க்குகளில் காற்றுக்குப் பதில் ஹீலியத்தை அடைத்து மூடியிருப்பார்கள். 2013இல் ஹெச்ஜிஎஸ்டி கம்பெனி கொண்டுவந்த நுட்பம் இது. ஹீலியத்தின் அடர்த்தி காற்றில் ஏழில் ஒரு பங்குதான், அதனால் உரசல் குறைவு, சும்மா சுற்றும்போது ஆச்சரியமாக அமைதியாக இருக்கும். ஆனால் ஹெட் நகரும்போது "டொக் டொக்" என்று கட்டையில் தட்டுகிற மாதிரி ஒரு கனத்த சத்தம் வரும். எக்ஸோஸ், அல்ட்ராஸ்டார் போன்ற டேட்டா சென்டர் டிஸ்க்குகளில் இது ரொம்பவே அதிகம். ஒரு டிபிக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்குப் போட்டால் இவைதான் மலிவாகத் தெரியும், அந்தக் கணக்கை நம்பி ஹாலில் கொண்டுவந்து வைத்துவிடாதீர்கள். டபிள்யூடியின் பெரிய டிஸ்க்குகள் பலவற்றில் இன்னொன்றும் உண்டு: யாரும் தொடாவிட்டாலும் ஐந்து விநாடிக்கு ஒரு தடவை மெதுவாக ஒரு "டிக்". ஹெட் ஒரே இடத்தின் மேல் நின்று தேய்ந்துவிடாமல் இருக்க அது தானாகச் செய்துகொள்கிற வேலை, கோளாறு கிடையாது. ஆனால் அமைதியான அறையில் சுவர்க் கடிகாரம் மாதிரி அது காதைப் பிடித்துக்கொள்ளும், நிறுத்தவும் முடியாது.

"5400 ஆர்பிஎம் கிளாஸ்" என்று எழுதியிருந்தால் அந்தக் "கிளாஸ்" என்ற சொல்லைக் கவனியுங்கள். 2020இல் டபிள்யூடியின் 8 டிபி முதலான சில டிஸ்க்குகளைப் பலர் மைக் வைத்துப் பார்த்தபோது 120 ஹெர்ட்ஸில் கோடு எழும்பியது. அதாவது நிஜத்தில் 7200 சுற்று. கிளாஸ் என்பது வேகத்தின் தரப் பிரிவு, சுழற்சி எண்ணிக்கை இல்லை என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. நீங்களே சோதிக்கலாம். ஆண்ட்ராய்டில் எந்த ஹெர்ட்ஸில் ஒலி அதிகம் என்று கோடாகக் காட்டும் ஸ்பெக்ட்ராய்ட் என்று இலவச ஆப் இருக்கிறது, போனின் மைக்கைக் கேபினட் தகரத்தோடு ஒட்டி வைத்தால் 90இல் முனை வருகிறதா 120இல் வருகிறதா என்று தெரிந்துவிடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர், பவர் சப்ளை ரீங்காரம் 100இல் வரும். அதை டிஸ்க் என்று நினைத்துவிட வேண்டாம், டிஸ்க்கை நிறுத்தியும் அந்த முனை நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சின்ன டிஸ்க்கைவிட ஒரு பெரிய டிஸ்க் மேல். ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் ஓடினால் கூடுவது 3 டெசிபல்தான், அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் இரண்டும் துல்லியமாக ஒரே வேகத்தில் சுற்றாது, மயிரிழை வித்தியாசம் இருக்கும். இரண்டு அதிர்வும் சேர்ந்தும் விலகியும் "ஊஊம்ம்... ஊஊம்ம்" என்று அலை அலையாக ஏறி இறங்கும். ஒரே சீரான சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும், ஏறி இறங்குகிற சத்தத்தை மறக்காது.

எஸ்எம்ஆர் என்கிற தொல்லை

விலை குறைவான டிஸ்க்குகள் பலவற்றில் தடங்களை ஓட்டு வீட்டுக் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவார்கள், இதற்கு எஸ்எம்ஆர் என்று பெயர். படிப்பதில் ஒரு குறையும் இல்லை, ஆகவே படம் பார்க்க இது போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். அமைதி வேண்டும் என்கிறவர்கள் இதை வேறு கோணத்தில் பார்க்க வேண்டும். நீங்கள் 50 ஜிபி படம் ஒன்றைக் காப்பி செய்தால் டிஸ்க் முதலில் அதை ஒரு தற்காலிக இடத்தில் அவசரமாக எழுதி வைத்துக்கொள்ளும். காப்பி முடிந்தது என்று நீங்கள் சோபாவில் போய் உட்கார்ந்த பிறகுதான் அது எல்லாவற்றையும் எடுத்துச் சரியான இடத்தில் அடுக்க ஆரம்பிக்கும். விண்டோஸ் கேட்காமலே டிஸ்க் தானாகச் செய்கிற வேலை என்பதால் டாஸ்க் மேனேஜரில் ஒன்றும் தெரியாது, ஆனால் "கர்ர் கர்ர்" மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். படம் போடும் நேரத்திலேதான் இது நடக்கும் என்பதுதான் கஷ்டம்.

அதனால் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் தனித்தனியாக எழுதுகிற சிஎம்ஆர் டிஸ்க்காகப் பார்த்து வாங்குங்கள். 2020 ஏப்ரலில் டபிள்யூடி ரெட் 2 முதல் 6 டிபி வரையிலான மாடல்களில் சொல்லாமல் எஸ்எம்ஆர் போட்டிருந்தது வெளியே வந்து பெரிய சண்டையானது. அதற்கப்புறம் ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். பிளஸ் என்றால் சிஎம்ஆர், வெறும் ரெட் என்றால் எஸ்எம்ஆர். சீகேட்டில் ஐயன்வுல்ஃப் எல்லாம் சிஎம்ஆர், மேசைக் கம்ப்யூட்டருக்கான பாராகுடாவில் பெரும்பாலும் எஸ்எம்ஆர். இரண்டு கம்பெனியும் எந்த மாடல் எது என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள், மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

லேப்டாப் அளவு டிஸ்க், எஸ்எஸ்டி

2.5 அங்குல டிஸ்க் இயல்பாகவே அமைதியானது. தட்டு சின்னது, எடை குறைவு, 5 வோல்ட்டிலேயே ஓடிவிடும், சூடும் குறைவு. மினி பிசி வைத்திருப்பவர்களுக்கு 3.5 அங்குலத்துக்கு இடமே இருக்காது, அவர்களுக்கு இதுதான் வழி. குறை என்னவென்றால் 1 டிபிக்கு மேல் போனால் அநேகமாக எல்லாமே எஸ்எம்ஆர். 5 டிபி டிஸ்க்கின் தடிமன் 15 மில்லிமீட்டர், லேப்டாப்புக்கான இடத்தில் நுழையாது. யுஎஸ்பி வெளி டிஸ்க்கை வாங்கிப் பிரித்து உள்ளே மாட்டலாம் என்று நினைத்தால் டபிள்யூடி மை பாஸ்போர்ட் போன்றவற்றில் யுஎஸ்பி பிளக் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், கம்ப்யூட்டருக்குள் மாட்டுவதற்கான சாட்டா கனெக்டரே கிடையாது. அதை வெளியிலேயே வைத்து, அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் போட்டுவிடுங்கள், போதும்.

சுழலும் தட்டே இல்லாத, அதனால் சத்தமே போடாத எஸ்எஸ்டியைப் பற்றிக் கேட்பீர்கள். காசு இருந்தால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. 4 டிபி, 8 டிபி சாட்டா எஸ்எஸ்டிகள் கிடைக்கின்றன, அடிக்கடி எழுதினால் சீக்கிரம் தேய்கிற க்யூஎல்சி வகை என்று ஒதுக்க வேண்டாம். ஒரு தடவை எழுதிப் பல தடவை படிக்கிற படங்களுக்கு அது நன்றாகவே பொருந்தும். எல்லாப் படத்தையும் எஸ்எஸ்டியில் வைக்க முடியாதவர்களும் விண்டோஸையும் கோடி, பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற, படங்களை அடுக்கிக் காட்டும் மென்பொருளின் டேட்டாபேஸையும் போஸ்டர் படங்களையும் கட்டாயம் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் வைக்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். மெனுவில் கீழே போகப் போக நூற்றுக்கணக்கான குட்டிப் படங்களை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்கும்போது வருகிற "கர்ர்" ஒரு 250 ஜிபி எஸ்எஸ்டி வாங்கியதும் அப்படியே போய்விடும். ஹார்ட் டிஸ்க்கில் படம் மட்டும் இருக்கட்டும், வேறு எதுவும் வேண்டாம்.

மாட்டுவது

டிஸ்க்குக்கும் தகரத்துக்கும் நடுவே இரும்பு இரும்பைத் தொடாமல் ஏதாவது மெத்தென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான் தத்துவம். ஃப்ராக்டல் டிசைன் நோட் 304 போன்ற கேபினட்டுகளில் டிஸ்க் தொங்கும் சட்டத்திலேயே ரப்பர் வாஷர் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கேபினட்டில் இல்லை என்றால் ரப்பர் வாஷரும் நீள ஸ்க்ரூவும் தனியாக வாங்கலாம். ஸ்க்ரூ வாங்கும்போது 3.5 அங்குல டிஸ்க்குக்கு 6-32 மரை, 2.5 அங்குலத்துக்கு எம்3 மரை என்பதை நினைவில் வையுங்கள், மாற்றிப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். ரப்பர் வாஷர் போட்ட பிறகு ஸ்க்ரூவைப் பலம்கொண்ட மட்டும் இறுக்கக் கூடாது. ரப்பர் நசுங்கி ஒரு பொட்டாகிவிட்டால் அதிர்வு மறுபடி நேராக இறங்கும். வாஷரில் லேசாக நெகிழ்வு இருக்கும்போதே நிறுத்துங்கள், டிஸ்க்கைத் தொட்டால் கொஞ்சம் ஆட வேண்டும்.

இதைவிடச் சிறந்த வழி தொங்க விடுவது. தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிற அரை அங்குல எலாஸ்டிக்கை வாங்கி, 5.25 அங்குல டிரைவ் வைக்கும் கூண்டின் இரண்டு பக்கத் துளைகளிலும் கோத்து, இரண்டு இடத்தில் எட்டு வடிவத்தில் முறுக்கி, அந்த முறுக்குகளுக்கு நடுவில் டிஸ்க்கை நுழைத்துவிட வேண்டும். டிஸ்க் எந்தப் பக்கமும் தகரத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். சாட்டா கேபிள் விறைப்பாக இருந்தால் அதன் வழியாகவே அதிர்வு இறங்கும், கொஞ்சம் தளர்வாக வளைத்து விடுங்கள். எலாஸ்டிக் வருஷக் கணக்கில் வெப்பத்தில் இருந்தால் தொய்ந்துவிடும், தூசி தட்டும்போதெல்லாம் ஒரு பார்வை பாருங்கள். கம்ப்யூட்டரை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதாக இருந்தால் முதலில் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும், இதில் அலட்சியம் கூடாது.

ஸ்பாஞ்ச் வைத்து டிஸ்க்கைச் சுற்றிப் பொதிந்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். காற்று நிரம்பிய டிஸ்க்குகளில் மூச்சு விடுவதற்கு ஒரு சின்னத் துளை இருக்கும், மூடாதே என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். அதோடு டிஸ்க்கின் சூட்டில் ஒரு பகுதி ஸ்க்ரூ வழியாகக் கேபினட்டுக்கு இறங்குவது வழக்கம். ரப்பரோ எலாஸ்டிக்கோ போட்டதும் அந்த வழி அடைபட்டுவிடும். சித்திரை வெயிலில் அறையே 35 டிகிரி இருக்கும்போது மூடிய டிவி யூனிட்டுக்குள் டிஸ்க் 50ஐ எட்டுவது சுலபம். கம்பெனிகள் 60, சில மாடல்களுக்கு 65 டிகிரி வரை அனுமதிக்கிறார்கள், ஆனால் 45க்குக் கீழே வைத்திருங்கள் என்பது என் யோசனை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் சூட்டைக் காட்டும். 5400 ஆர்பிஎம் டிஸ்க் 3 முதல் 5 வாட் வரைதான் எடுக்கும், அதனால் மெதுவாக ஓடுகிற ஒரு பெரிய ஃபேன் காற்று லேசாகப் பட்டாலே போதும்.

கேபினட்டுக்கு அடியிலும் கவனியுங்கள். பலகைமேல் நேராக வைக்காமல் நாலு மூலைக்கும் தடித்த ரப்பர் அல்லது ஸ்பாஞ்ச் கால் வையுங்கள். அறை மூலையில் இருந்தால் இழுத்து வெளியே கொண்டுவாருங்கள், தாழ்ந்த ஒலியை மூலைகள் பெருக்கிக் காட்டும். 12 அடி நீள அறையில் 95 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி நின்று பெருகும் இடங்கள் உண்டு, 5400 டிஸ்க்கின் 90 அதற்கு ரொம்பப் பக்கம். சோபாவை ஒரு அடி நகர்த்தினதும் ரீங்காரம் பாதியானால் ஆச்சரியப்பட வேண்டாம்.

டிஸ்க்கை எழுப்புவது யார்?

படம் ஓடும்போது "கர்ர்" வந்தால் பெரும்பாலும் மூன்று பேரில் ஒருவர். விண்டோஸ் சர்ச் இண்டெக்ஸிங், ஆன்டிவைரஸ் ஸ்கேன், டோரண்ட். படம் இருக்கிற டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் போய் இண்டெக்ஸிங் டிக்கை எடுத்துவிடுங்கள். ஸ்கேனையும், வாராவாரம் தானாக ஓடுகிற டிஃபிராக்மென்டையும் (சிதறிய ஃபைலை ஒன்றுசேர்க்கும் வேலை) பகலுக்கு மாற்றுங்கள். எதையாவது டவுன்லோட் செய்தால் முதலில் எஸ்எஸ்டியில் இறக்கி, முழுதாக முடிந்த பிறகு ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரே மூச்சில் நகர்த்துங்கள். துண்டு துண்டாக நேரே ஹார்ட் டிஸ்க்கில் இறக்கினால் இறக்கும்போதும் சத்தம், சிதறிக் கிடக்கிற ஃபைலைப் பிறகு ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் சத்தம்.

யாரும் படம் பார்க்காத நேரத்தில் டிஸ்க் சுற்ற வேண்டிய அவசியமே இல்லை. விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் உள்ளே ஹார்ட் டிஸ்க்கை எத்தனை நிமிடத்தில் நிறுத்துவது என்று இருக்கும், 30 என்று வைக்கலாம். படத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வருகிற நேரத்துக்குள் நின்றுவிடாது. நின்ற டிஸ்க் மறுபடி வேகமெடுக்கப் பத்து விநாடி போல ஆகும், அந்த நேரம் திரை உறைந்த மாதிரி தெரியும், பதற வேண்டாம். அடிக்கடி நின்று ஓடினால் ஆயுள் குறையும் என்று பயப்படுகிறவர்களுக்கு: ஹெட் ஏறி இறங்குவதற்கு 3 லட்சம், 6 லட்சம் தடவை என்று கம்பெனிகள் கணக்குக் கொடுக்கிறார்கள். நாளைக்கு நாலைந்து தடவை என்றால் ஒன்றும் ஆகாது. சில டிஸ்க்குகள், முக்கியமாக லேப்டாப் டிஸ்க்குகள், சில விநாடி சும்மா இருந்தாலே ஹெட்டைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிடும், ஒவ்வொரு தடவையும் ஒரு "டிக்". பழைய டபிள்யூடி கிரீன் டிஸ்க் எட்டு விநாடியில் இதைச் செய்தது பிரபலம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஏபிஎம் (மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு) அளவை மேலே ஏற்றினால் பல டிஸ்க்குகளில் இது குறையும். கம்ப்யூட்டரை அணைத்தால் டிஸ்க் அதை மறந்துவிடலாம் என்பதால் அந்த மென்பொருளை ஆரம்பத்திலேயே ஓடும்படி வைக்க வேண்டும். அதே இடத்தில் ஏஏஎம் என்று, ஹெட் நகரும் சத்தத்தைக் குறைக்கிற ஒன்று இருக்கும். 2010 வாக்கிலும் அதற்கு முன்னும் வந்த டிஸ்க் கையில் இருந்தால் அதை 128க்கு இறக்குங்கள், தேடும் சத்தம் சட்டென்று மென்மையாகும். புது டிஸ்க்குகளில் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவும் செய்ய முடியாதவர்களுக்கு, அல்லது 16 டிபி வேண்டியே ஆகும் என்பவர்களுக்கு ஒரே வழி, டிஸ்க்கை அந்த அறையிலேயே வைக்காமல் இருப்பது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றையோ நாஸ் பெட்டியையோ (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கைப் பகிரும் பெட்டி) உள் அறையில் வைத்து ஒரு கிகாபிட் லேன் வயர் இழுத்துவிட்டால் விநாடிக்கு 110 மெகாபைட் வரும், எந்தப் படத்துக்கும் அது அதிகம். வைஃபை வேண்டாம், வயர்தான். டிவியிலேயே நேராகப் போடுவதாக இருந்தால் ஒன்றைப் பாருங்கள். பல ஸ்மார்ட் டிவிகளில் லேன் போர்ட் 100 மெகாபிட்தான், 4கே புளூ ரேயின் உச்சத்தை அது தாங்காது, படம் திக்கும். நடுவில் ஒரு அமைதியான மினி பிசி இருந்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

வாங்கி வந்த முதல் வாரம்

பிரித்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பவர் ஆன் நேரம் பூஜ்யமா என்று பாருங்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் பழைய டேட்டா சென்டர் சீகேட் டிஸ்க்குகள் மணிக்கணக்கை அழித்துப் புதுசாக விற்கப்பட்டது வெளியானது, ஆகவே விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரண்டியையும் சரிபாருங்கள். அதன்பிறகு டிஸ்க் முழுக்க ஒரு தடவை எழுதிப் படித்துப் பார்த்துவிட்டு, ராத்திரி ஃபேனை நிறுத்திக் கேளுங்கள். ஒரே மாடலில் இரண்டு டிஸ்க் எடுத்தால்கூட ஒன்றின் அதிர்வு இன்னொன்றைவிட அதிகமாக இருப்பது சகஜம். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிட்டால், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

நிதானமாக எப்போதாவது வருகிற ஒற்றை "டிக்" பற்றிக் கவலை வேண்டாம். அதுவே "டிக்-டிக்-டிக்" என்று ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வந்து, டிஸ்க் நின்று மறுபடி சுழல ஆரம்பிக்கிறது, விண்டோஸ் சில விநாடி உறைகிறது என்றால் அது போகப்போகிற டிஸ்க்கின் சத்தம். அந்த நேரத்தில் ரப்பர் வாஷரைத் தேட வேண்டாம். படத்தை நிறுத்திவிட்டு, குடும்பப் போட்டோவும் கல்யாண வீடியோவும் அதில் இருந்தால் முதலில் அவற்றை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள், சினிமாவெல்லாம் அதற்கப்புறம்.